திருப்தியா என்று கேட்காதீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மருந்துக் கடைகளின் சேவையில் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று சொல்லும் கணக்கெடுப்புகள் அவ்வப்போது நாளிதழ்களில் செய்தியாகின்றன. என்ன கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், கேட்டது யார் என்ற மூன்று விவரமும் அந்தச் செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. இவை இல்லாமல் சதவீதத்தை மட்டும் அச்சிடுவது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதிவிட்டு செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது. மருந்து எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

வழக்கமான படிவம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். ஊழியர் மரியாதையாகப் பேசினாரா, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், கேட்ட மருந்து இருந்ததா, கடை சுத்தமாக இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கவுன்ட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, மருந்து கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த மாதமும் இதே கடைக்குத்தான் வர வேண்டும் என்ற நினைப்போடு நிரப்புகிறவர் 4 போடுவார், இல்லையென்றால் 5 போடுவார். எல்லாக் கடையும் 4.3, 4.5 என்று வாங்கினால் நல்ல கடை எது, மோசமான கடை எது என்று அந்தப் படிவத்தால் பிரிக்கவே முடியாது. கேள்விகளின் அமைப்பிலும் கோளாறு உண்டு. 'மருந்தாளுநர் பயன்பாட்டையும் பக்க விளைவுகளையும் தெளிவாகவும் பொறுமையாகவும் விளக்கினாரா?' என்று ஒரே வரியில் கேட்டால் அதில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பொறுமையாகப் பேசினார், பக்க விளைவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பவர் எத்தனை போடுவது?

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. திருப்தி என்பது கிடைத்ததை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மருந்துக் கடை என்றால் அட்டையை எடுத்துக் கொடுத்து பில் போடும் இடம் என்று நினைப்பவர், கூட்டமில்லாமல் 2 நிமிடத்தில் வேலை முடிந்தால் முழுத் திருப்தியோடு போவார். மருந்தைப் பற்றி விளக்கம் கேட்க உரிமை உண்டு என்று தெரிந்தவர் அதே சேவைக்கு 3 போடுவார். அதாவது மக்களுக்கு விவரம் தெரியத் தெரிய மதிப்பெண் குறையும். எதுவும் தெரியாத இடத்தில் அது உச்சத்தில் நிற்கும்.

திருப்தியே தீங்காக முடிவதும் உண்டு. சளிக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் அவருக்குத் திருப்தி. பெரும்பாலான சளியும் இருமலும் வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக் அதில் வேலை செய்யாது, சீட்டில்லாமல் தர முடியாது என்று விளக்கி அனுப்பும் மருந்தாளுநருக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் கேட்டபடி கொடுக்கும் கடையும் இந்தக் கணக்கில் முதலிடம் வாங்கிவிடும்.

யாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வருபவரைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், வரிசையைப் பார்த்துவிட்டுப் போனவர், பாதி மருந்தை மட்டும் வாங்கியவர் கணக்கில் சேருவதில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கும் முதியவர்களில் பலர் கடைக்கு வருவதேயில்லை, வீட்டில் உள்ள வேறொருவர் வருகிறார். மருந்தைச் சாப்பிடுபவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் இன்னொருவர்.

இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்ட மருந்துப் பயன்பாட்டுக் குறியீடுகளிலேயே இருக்கிறது. அதில் மருந்து வழங்குதலுக்கு நான்கு அளவைகள்: மருந்து கொடுப்பவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம், எழுதிக் கொடுத்தவற்றில் உண்மையில் கைக்கு வந்தவை எத்தனை சதவீதம், பொட்டலங்களில் சரியாக எழுதப்பட்டவை எத்தனை, வெளியே வரும் நோயாளிகளில் மருந்தைச் சாப்பிடும் முறையைச் சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர். நேரத்தை அளக்கும்போது வரிசையில் நின்ற நேரத்தைச் சேர்க்கக் கூடாது. சரியாக எழுதப்பட்டது என்றால் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எப்போது சாப்பிட வேண்டும் என்பதாவது பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். நான்காவது அளவைதான் உண்மையான தேர்வு. இதில் நோயாளிக்கு மதிப்பெண் குறைந்தால் கடைதான் தோற்றது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், முழுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனவர்கள் தவறாகச் சாப்பிடுவதுதான் இந்தத் தொழிலின் அன்றாடம். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் தெளிக்கும் வகையைக் குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், வாயில் வைத்து உதடுகளை இறுக மூட வேண்டும், மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, 10 விநாடி மூச்சை நிறுத்த வேண்டும். இரண்டாவது தடவை தேவையென்றால் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மறுபடியும் குலுக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாகச் சேராவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்துவிடும். பொடி வகை இன்ஹேலருக்கு முறையே வேறு. அதை மெதுவாக இழுத்தால் பொடி நுரையீரல் வரை போகாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ளது என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்படலமாகப் பூஞ்சை வரும். ஏறத்தாழ 40 ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஓர் அறிக்கை, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் சுமார் 31 சதவீதம்தான் என்றும், அத்தனை ஆண்டுகளில் நிலைமை முன்னேறவில்லை என்றும் சொன்னது. பெட்டியை மூடியபடியே கொடுத்து, 'இரண்டு வேளை இழுங்க' என்று சொல்லி அனுப்பினால் வேறு என்ன நடக்கும்?

எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லாத இன்ஹேலரில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. மருந்து தீர்ந்த பிறகும் உந்து வாயு மிச்சம் இருப்பதால் தெளிக்கும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். 200 தடவைக்கான குப்பியை நாளுக்கு 4 தடவை அழுத்தினால் 50 நாளில் தீரும். அந்தத் தேதியைக் குப்பியின் மேலேயே எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் நடக்கும் பிழை இதைவிட ஆபத்தானது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் தயாரிப்புகள் உண்டு. சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று வருவதும் 250 மில்லிகிராம் என்று வருவதும் உண்டு. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்தில் அளந்து கொடுத்தால் 120க்குப் பதில் 500 மில்லிகிராம் உள்ளே போகும். சின்னப் பாட்டில் என்றால் வீரியம் குறைவு என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேரெதிர். இந்தக் குழப்பத்துக்காகத்தான் அமெரிக்காவில் 2011இல் தயாரிப்பாளர்கள் குழந்தைகளுக்கான திரவப் பாராசிட்டமாலை 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அளவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஒரே அளவு இல்லாத இடங்களில் கவுன்ட்டரில் நிற்பவர்தான் காவல். குழந்தையின் எடையைக் கேட்க வேண்டும், மில்லிகிராமை மில்லியாக மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், அளவு மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக் காட்ட வேண்டும். 'ஒரு ஸ்பூன்' என்று சொல்லவே கூடாது. வீட்டுக் கரண்டிகளில் 5 மில்லிக்குக் குறைவாகப் பிடிப்பதும் உண்டு, கூடுதலாகப் பிடிப்பதும் உண்டு.

பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கலக்காமலே கொடுத்தனுப்பும் கடைகள் ஏராளம். வாங்கியவர் குறையே சொல்ல மாட்டார், ஏனென்றால் கலக்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் இறுகிய பொடியை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள அளவுக் குறிக்குக் கீழ் வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கக் காத்திருந்து, பிறகு குறி வரை நிரப்பி மறுபடியும் குலுக்க வேண்டும். ஒரே மூச்சில் குறி வரை ஊற்றினால், குலுக்கிய பிறகு மட்டம் இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒவ்வொரு 5 மில்லியிலும் மருந்து கூடுதலாகப் போகும், குறியைத் தாண்டி ஊற்றினால் குறையும். கலக்கிய தேதியையும் கொட்ட வேண்டிய தேதியையும் லேபிளில் எழுத வேண்டும். சில மருந்துகளுக்கு 7 நாள், சிலவற்றுக்கு 14 நாள். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டுமா என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி பொடிக்கு உரியது, கலக்கிய பிறகு அது செல்லாது.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டியது. மற்ற எல்லா மாத்திரையும் தினசரி என்பதால் இதையும் தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து உயிர் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் சிறிய மஞ்சள் மாத்திரையாகவே வருவது வழக்கம், இரண்டும் இடம் மாறிவிடும். 'வாரம் ஒன்று' என்று எழுதினால் போதாது. எந்தக் கிழமை என்று லேபிளில் எழுத வேண்டும், அந்தக் கிழமையை நோயாளி வாயால் சொல்லக் கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரையில் உயிராபத்து இல்லை என்றாலும் பயன் வீணாவது அதிகம். காலை வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் விழுங்கிவிட்டு, டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) குறையவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது நடக்கிறது.

கண் சொட்டு மருந்து இரண்டு வகை இருந்தால் இடையே 5 நிமிடம் விட வேண்டும், ஒரு சொட்டுக்கு மேல் கண்ணில் நிற்காது. இதைச் சொல்ல 10 விநாடி ஆகும்.

ஜெனரிக் மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே மருந்து வேறு நிறுவனப் பெயரில், வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வருவதில் தவறில்லை. ஆனால் 'அதேதான்' என்று சொல்லிக் கொடுத்தால் போதாது. வீட்டில் பழைய அட்டையில் 6 மாத்திரை மிச்சம் இருக்கும். புதியது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். ரத்த அழுத்த மாத்திரையில் இப்படி நடந்தால் தலைசுற்றி விழுவதில் முடியும். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே லேபிளில் எழுதி, 'அது தீர்ந்த பிறகு இது' என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் உள்ள முனை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. எதிர் முனையிலிருந்து வெட்டத் தொடங்கினால் தேதி கடைசி வரை கடையில் தங்கும். வெட்டிய துண்டோடு போகிறவருக்கு அந்த இரண்டையும் உறையில் எழுதித்தான் தர வேண்டும்.

இத்தனையும் சொல்ல நேரம் எங்கே என்று எங்கள் தொழில்காரர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பதில் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடியினருக்கான அரசு மருத்துவப் பணியில் இருந்த மருந்தாளுநர்கள் மூன்று கேள்விகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்த மருந்து எதற்கு என்று மருத்துவர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொன்னார்? முதலில் நோயாளி பேசுவார், அவருக்குத் தெரியாததை மட்டும் மருந்தாளுநர் நிரப்புவார். எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒப்பிப்பதைவிட இதில் நேரம் மிச்சம். முடிவில், 'வீட்டில் கேட்டால் எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?' என்று ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்தால் தவறு அங்கேயே பிடிபடும். 'புரிஞ்சுதா?' என்று கேட்பதால் பயனில்லை. அதற்கு எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

இதைச் சட்டமாக்கினால் போதும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு மருத்துவ உதவி பெறுவோருக்கு மருந்தாளுநர் ஆலோசனை தர முன்வர வேண்டும் என்றது, 1993 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பல கடைகளில் அது, பணம் வாங்குபவர் 'ஏதாவது சந்தேகமா?' என்று கேட்டு ஒரு கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிப்போனது. இங்கிலாந்தில் 2011 அக்டோபரில் தொடங்கிய புதிய மருந்துச் சேவை வேறு வழியில் போனது. நீண்டகால நோய்க்குப் புதிதாக ஒரு மருந்து தொடங்கியவரை மருந்தாளுநர் ஓரிரு வாரத்தில் தொடர்புகொண்டு எப்படிப் போகிறது என்று கேட்கிறார், அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் கேட்கிறார், அந்த வேலைக்கு அரசு நலவாழ்வுத் துறை கடைக்குத் தனியாகப் பணம் தருகிறது. மாத்திரையின் விற்பனைக்கு மட்டும் வருமானம், பேச்சுக்கு ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டில் பேச்சுதான் முதலில் வெட்டப்படும்.

இடமும் ஒரு காரணம். கழுத்தளவு கவுன்ட்டர், நடுவில் கண்ணாடி, பின்னால் ஆறு பேர். மூலத்துக்கோ மனநோய்க்கோ மருந்து வாங்குபவர் இந்தச் சூழலில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். தனி அறை கட்ட முடியாவிட்டாலும் கவுன்ட்டரின் ஓரத்தில் இரண்டடி தள்ளி ஓர் இடம் ஒதுக்கி, வரிசை நிற்க வேண்டிய கோட்டைத் தரையில் பின்னால் போட்டாலே நிலைமை மாறும். கடையில் நிற்பவர்களில் தகுதி பெற்ற மருந்தாளுநர் யார் என்று சட்டைப் பையில் பெயர்ப்பட்டை இருந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும். இதைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியாகவே வைக்கலாம்: 'உங்களிடம் பேசியவர் மருந்தாளுநரா?' தெரியாது என்ற பதில் எத்தனை வருகிறது என்று பாருங்கள்.

இருப்பு இல்லாத மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 மாத்திரை எழுதியிருக்க 10தான் இருக்கிறது என்றால், மீதி 20 என்று சீட்டிலும் கடைப் பதிவிலும் எழுதி, எந்த நாள் வரும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். 'அப்புறம் வாங்க' என்றால் பாதிப் பேர் பதினோராம் நாள் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் கடையை நடத்த வேண்டும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காகத் தொடர்வோர் சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது.

ஆகவே கணக்கெடுப்பு நடத்துபவர்களுக்கு எங்கள் யோசனை இது. கடைக்கு வெளியே, கடையைச் சேராத ஒருவர், கடைக்கு 30 பேரிடமாவது பேச வேண்டும், திங்கள் மாலையின் கூட்டத்திலும் புதன் மதியத்தின் ஓய்விலும். பையைத் திறந்து ஒரு மருந்தை எடுத்துக் காட்டி, இது எதற்கு, எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்று கேட்டு, சொன்னதைச் சீட்டோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். இன்ஹேலர் இருந்தால் இழுக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று உள்ளே யாராவது கேட்டார்களா என்பதற்கு ஆம், இல்லை என்ற பதில் போதும். சம்மதித்தவர்களில் சிலரையாவது 7 நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, மருந்தைச் சாப்பிடுபவரிடமே பேசி, எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணச் சொல்ல வேண்டும். மருந்து கிடைக்காமல் திரும்பியவர்களை வாசலில் தனியாக எண்ண வேண்டும். மரியாதையாகப் பேசினார்களா என்ற கேள்வியையும் வைத்துக்கொள்ளலாம், கடைசிக் கேள்வியாக.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், கேட்ட இடம் கடைக்கு உள்ளேயா வெளியேயா, படிவத்தைக் கொடுத்தது யார் என்ற நான்கையும் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கேள்வித்தாள் முழுவதையும் போட இடமில்லை என்றால் முதல் மூன்று கேள்விகளையாவது அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்